மைலேஜைத் தின்னும் பிரேக்: பழைய கார் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பிரேக் பற்றியவை ஒரு கட்டு, மைலேஜ் பற்றியவை ஒரு கட்டு என்று பிரித்துத்தான் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தால் பல காரில் கோளாறு ஒன்றேதான், எழுதியவர்கள் அதை வேறு வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள். அதனால் கட்டுகளைக் கலைத்துவிட்டு வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2006 மாடல் மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் அளந்து இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் வகை). லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 13-ஐத் தாண்டவில்லை. ஏர் ஃபில்டர், பிளக், இன்ஜின் ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று. இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கொஞ்ச தூரம் ஓடினால் முன்பக்க இடது சக்கரத்தில் கருகல் வாசம் வேறு வருகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: அதற்கும் இதற்கும்தான் சார் சம்பந்தமே. இன்ஜின் மேல் கை வைக்க விடாதீர்கள். முதலில் அந்தச் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் பேட் (பிரேக் கட்டை) சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்தால், இன்ஜின் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் ஒரு பக்கம் பிடிக்கும், நடுவில் உங்கள் பெட்ரோல் சூடாக மாறி காற்றில் போகும். கருகல் வாசம் அந்தப் பெட்ரோலின் வாசம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். விடிகாலையில் ஆளில்லாத சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, கடைசியில் வண்டியைத் தானாக உருள விட்டு நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்). மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று அனலடித்துக்கொண்டும் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். அப்புறம் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வருவது டிஸ்க் பிரேக்கில் சகஜம். இரண்டு கையும் போட்டுத் திருக வேண்டியிருந்தால் அது சகஜம் இல்லை.

காரணம் பெரும்பாலும் சில்லறையாகத்தான் இருக்கும். பேடைப் பிடித்திருக்கும் காலிபர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின் (வழவழப்பான இரும்புக் கம்பி) இருக்கும், அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் போனால் பின் இறுகிவிடும், அப்போது ஒரு பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், எதிர்ப்பக்கத்து பேட் புதிது போல இருக்கும். கழற்றி, துருவை உப்புத்தாளில் தேய்த்து, காலிபருக்கென்று விற்கும் கிரீஸ் போட வேண்டும். பட்டறையில் பெரிய டப்பாவில் இருக்கும் சாதா கிரீஸைப் பூசினால் ரப்பர் ஊதி மறுபடியும் இறுகும், அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பின் நன்றாக நகர்ந்தால் அடுத்த சந்தேகம் காலிபருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன், துருப்பிடித்திருந்தால் சீல் கிட் மாற்ற வேண்டும், குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு, பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ். 2006-இல் போட்டது இன்னும் அப்படியே இருக்கிறதா? வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கும். நாம் காலால் அழுத்தும் வேகத்துக்கு ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும், திரும்பி வர அழுத்தம் போதாது. சோதனை சுலபம்: சக்கரம் இறுகியிருக்கும்போது காலிபரில் உள்ள பிளீடர் நட்டை (ஆயிலை வெளியே விடும் சின்ன நட்டு) கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே விட்டுவிட்டால் அழுத்தம் சிக்கியிருந்தது, ஹோஸை மாற்றுங்கள். விடவில்லையென்றால் பின் அல்லது பிஸ்டன். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து இறுகினால் பெடலுக்கு இருக்க வேண்டிய சிறு ஆட்டம் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஓட்டை அடைத்திருக்கலாம்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் 18-க்கும் 13-க்கும் வித்தியாசம் ஏறக்குறைய 17 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,700 ரூபாய். இன்னொன்று, ஏர் ஃபில்டர் மாற்றி மைலேஜ் ஏறவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். அடைத்த ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியில்தான் பெட்ரோலைக் குடிக்கும். சென்சார் வைத்த வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், பிக்கப்தான் அடிபடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்து அப்படித்தான் சொன்னது. இன்ஜின் விஷயத்தில், சைலன்சரில் நீலப் புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்து அந்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். அளவைக் காட்டாமல் இன்ஜினை இறக்குகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. எப்படியோ ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தினேன், அப்புறம் சரியாகிவிட்டது. கீழே வந்து காட்டினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி இனிமேல் இந்தக் காரில் மலைக்கு வரமாட்டேன் என்கிறாள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று பெரும்பாலும் நியூட்ரலில்தான் இறங்கினேன், அது தப்பா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தப்பு. உங்கள் மனைவி சொல்வது சரி, பிரேக் ஆயிலை மாற்றும்வரை.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. புது டாட் 3 (டப்பாவில் போட்டிருக்கும் தரம்) ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 வரை. அதே ஆயிலில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஈரம் ஏறிவிட்டால் போதும், தர அளவே டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்று இறங்கிவிடுகிறது. 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் காலிபர் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். ஆயில் உள்ளே கொதித்து ஆவிக் குமிழி கட்டும், நீங்கள் மிதிப்பது குமிழியைத்தான், பேட் வரை அழுத்தம் போகாது. ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடும், அதனால்தான் கீழே பார்த்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். (பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போயிருந்தால் அது பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது, வேறு கதை.)

பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிது விட வேண்டும், மேலே டப்பாவில் மட்டும் உறிஞ்சிவிட்டு ஊற்றுவது கணக்கில் வராது. நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும் (பிளீடரைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது), பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள், உங்கள் கார் புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

நியூட்ரல் விஷயத்துக்கு வருகிறேன். எம்.பி.எஃப்.ஐ. காரில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது, இன்ஜின் வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். ஆக நீங்கள் மிச்சம் பிடிக்கவும் இல்லை, பிரேக்கையும் வேகவைத்தீர்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பூஸ்டரில் (மிதிக்கும் காலுக்கு உதவும் டப்பா) மிச்சமிருக்கும் வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சி வைத்த வெற்றிடம், இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனக்கும், சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், வேகம் ஏறும்போது அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை முழுசாக எடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் சூட்டைச் சேர்க்கும். மறுபடி பெடல் உள்ளே போனால் வேகமாக விட்டுவிட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், மலைச்சுவர் பக்கமாக ஒதுங்குங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே போகிறது. அவ்வப்போது ஊற்றி நிரப்பினால் போதுமா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: போதாது. பேட் தேயத் தேய அளவு மெதுவாக, மாதக்கணக்கில் குறையும். அது இயல்பு, பேட் மாற்றும் காலம் வருகிறது என்று அர்த்தம். வாரக்கணக்கில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பின்சக்கர டிரம்மின் (பிரேக் ஷூ உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் இரும்புக் கூடு) உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் ஒழுகல் எங்கேயும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே சீல் போய்விட்டது. ஆயில் நனைத்த பிரேக் ஷூவைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள், சம்மதிக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் அந்த டப்பாவில் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்ற வேண்டாம், ரப்பர் அத்தனையும் ஊதிப் போய் மொத்த பிரேக்கையும் மாற்ற வேண்டி வரும்.

கேள்வி: வேகன் ஆர், 2008. பிரேக் மிதித்தால் கட்டையை மிதிப்பது போல் இருக்கிறது, பலம் போட்டால்தான் நிற்கிறது. புது பேட் போட்டும் அப்படியே. ஸ்லோ ஸ்பீடும் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, சிக்னலில் சில நேரம் அணைந்துவிடுகிறது, மைலேஜும் குறைவு. எதை முதலில் பார்ப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தைப் பாருங்கள்: பிரேக் பூஸ்டரும் அதற்கு இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸும். அந்த ஹோஸ் வெடித்திருந்தாலோ பூஸ்டர் உள்ளே ரப்பர் கிழிந்திருந்தாலோ பிரேக்குக்கு உதவி கிடைக்காது, அதே ஓட்டை வழியாக இன்ஜினுக்குக் கணக்கில்லாத காற்று போகும், கம்ப்யூட்டர் குழம்பிப்போய் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பிரேக்கை மிதியுங்கள், பெடல் இறுகும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அசையாவிட்டால் ஹோஸ், அதன் வால்வு, பூஸ்டர் மூன்றில் ஒன்று. மிதிக்கும்போது காலடியில் உஸ்ஸென்று சத்தம் தொடர்ந்து வந்தால் பூஸ்டர்தான். ஹோஸ் மலிவு, முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று ஒருவர் விற்க வந்தார்…
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே செருகும் விளக்கு எரிகிற டப்பாவுக்கும் இதே பதில்.

கேள்வி: சான்ட்ரோ ஜிங், 2007. மூன்று வருடம் முன்பு இன்ஜின் சூடானபோது தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிட்டார்கள், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்றார்கள். அதிலிருந்து சூடாவதில்லை, ஆனால் நகருக்குள் 10, 11-தான் கொடுக்கிறது.
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: வேலூர் வெயிலே ஆனாலும் 40 டிகிரிதான் சார், இன்ஜினுக்கு அது குளிர். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடேற ரொம்ப நேரமாகும், சின்னச் சின்ன ஓட்டத்தில் சூடேறவே ஏறாது. வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது விடுகிற மாதிரி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் போவதோடு நிற்காது, எரியாத பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்து தேய்மானத்தையும் கூட்டும். நம்மூரில் இந்த வால்வைப் பிடுங்கி எறிவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, எனக்கு இதில் கோபம் உண்டு. அன்றைக்கு ஏன் சூடானது என்று யாரும் பார்க்கவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், மூடி, கூலன்ட் எல்லாம் பார்த்துவிட்டு வால்வை மறுபடி போடுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.

கேள்வி: 1997 மாருதி ஜென், கார்புரேட்டர். லிட்டருக்கு 15 கொடுத்தது, இப்போது 11. எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எத்தனாலுக்கு அதன் பங்கைக் கொடுப்போம், அதற்கு மேல் வேண்டாம். அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால், அதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. உங்கள் 15-இல் அது ஒரு கிலோமீட்டர். மீதி மூன்று கிலோமீட்டர் உங்கள் காருக்குள்தான் இருக்கிறது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையைக் கூட்டுவது) பாதியில் நின்றிருக்கலாம், கார்புரேட்டருக்குள் மிதவை அளவு மாறியிருக்கலாம், உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டரும் குற்றவாளிதான். கரி இல்லாமல் பிக்கப்பில் மட்டும் திணறினால் எத்தனாலுக்குக் கலவையில் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டர் தெரிந்த கை கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கை இருக்கும் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன, காரைக்குடியில் இன்னும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள், பெருந்துறைக்காரருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

மைலேஜைவிட உங்களுக்கு அவசரமான வேலை பெட்ரோல் ஹோஸ். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலில் உப்பி, வெடித்து, ஒழுகும், சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கில் ஈரம் சேரும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: கார் என் கணவர் வெளிநாட்டிலிருந்து வரும்போதுதான் ஓடும். மழைக்காலம் முடிந்து எடுத்தால் பின்சக்கரம் நகரவே இல்லை, இன்ஜினை ரேஸ் செய்ததும் டொப்பென்று ஒரு சத்தத்தோடு விட்டது. இப்போது பின்னால் உரசுகிறது.
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டே நிறுத்தியிருப்பீர்கள். கடல் காற்றுக்கும் மழைக்கும் பிரேக் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டது, நீங்கள் கேட்ட சத்தம் அது பிய்ந்த சத்தம். சில நேரம் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கே பெயர்ந்து வந்துவிடும், அதனால் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருந்தால் லீவரைக் கீழே விட்டாலும் கேபிள் திரும்பாது, கேபிளையே மாற்றுவது நல்லது, எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பழையபடிதான். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை மட்டும் முறுக்கி இறுக்குவதும் இதே உரசலைத்தான் கொடுக்கும், முதலில் டிரம்முக்குள் ஷூவைச் சரிசெய்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தண்ணீரில் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். இனிமேல் நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம், முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

கேள்வி: 15 வருடம் முடியப் போகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். நான்கு டயர், பிரேக் முழுவதும், டியூனிங், ஆக்சிஜன் சென்சார், பெயின்ட் என்று மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்தார். கையில் அதில் பாதிப் பணம்தான் இருக்கிறது தம்பி, எதை விடலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பெயின்ட்டை விடுங்கள் ஐயா. பிரேக்கை விடாதீர்கள், ஆனால் முழுவதும் என்றால் என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். ரப்பர் ஹோஸ் நான்கு, ஆயில், காலிபர் கிட், வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது) கிட் என்றால் நியாயம். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் இவ்வளவு என்று பொறித்திருக்கும், அதற்கு மேல் இருந்தால் புது டிஸ்க் வேண்டாம். பேடும் ஷூவும் எப்போதும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் பத்து வயதான டயரை நான் ஓட்ட மாட்டேன். புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. கிடைக்கும், அதனால் டயர் செலவு வீண் போகாது. ஆக்சிஜன் சென்சாரை அனுமானத்தில் மாற்ற வேண்டாம், ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றலாம். டியூனிங்குக்கு முன்னால் பழைய புகைச் சான்றிதழையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கார்பன் மோனாக்சைடு அளவு ஏறியிருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை, ஏறவில்லையென்றால் டியூனிங் செலவும் மிச்சம். சைலன்சருக்குள் குழாயைச் செருகாமலே சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் இடத்தில் எடுத்ததாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.